உறுமி ஓசையும் நம் இருதயமும்

தைப்பூசம் என்றதும் நம் வட்டாரத் தோட்ட மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பினாங்குத் தண்ணீர்மலைதான். நிபோங் திபாலிலிருந்தும் கூலிமிலிருந்தும் சுங்கைப் பட்டாணியிலிருந்தும் நம் பெரியவர்கள் லோரி ஏறி, பட்டர்வொர்த்தில் பெரி பிடித்து ஜோர்ஜ் டவுனுக்குப் போய் வந்தார்கள். 1985-இல் பாலம் திறந்த பிறகு நாம் வேன் எடுத்துக்கொண்டு போய் வருகிறோம். வெள்ளி இரதம் 1894-ஆம் ஆண்டு முதல் அந்த நகர வீதிகளில் ஓடுகிறது. இரதத்தைப் பார்த்துவிட்டு, தேங்காய் உடைத்துவிட்டு, மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தால், அங்கே நம்மைப் பிடித்துக்கொள்வது உறுமி ஓசை.

உறுமியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கிறார்கள். மறு பக்கத்தைக் குச்சியால் அடிக்கிறார்கள். தேய்க்கும் பக்கம் புலி உறுமுவதுபோல் உறுமும். அடிக்கும் பக்கம் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஓசை காதுக்குள் மட்டுமா போகிறது? நெஞ்சுக் கூட்டில் அதிர்கிறது. சும்மா வேடிக்கை பார்க்க வந்தவருக்கும் கால் ஆடத் தொடங்குகிறது. மூச்சு வேகமாகிறது. நெஞ்சு படபடக்கிறது. இதில் பக்தியின் பங்கு என்ன, அருளின் பங்கு என்ன என்பது அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது. நாங்கள் பள்ளி ஆசிரியர்கள். அந்த வழியில் நாங்கள் போகப் போவதில்லை. அந்த நேரத்தில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் இன்று பார்ப்போம். ஏனென்றால், அது தெரிந்திருந்தால் சில வீடுகளில் ஓர் உயிர் தப்பும்.

முதலில் நாடி பார்க்கக் கற்றுக்கொள்வோம். வானொலிப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே செய்யலாம். இடது உள்ளங்கையை மேலே பார்க்க வையுங்கள். வலது கையின் நடு இரண்டு விரல்களை, இடது கைப் பெருவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டில் மெதுவாக வையுங்கள். பெருவிரலால் பார்க்காதீர்கள், அதற்கே ஒரு துடிப்பு உண்டு, கணக்கைக் குழப்பிவிடும். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருக்கும். மூச்சு 12 முதல் 20 வரை. பிறந்த குழந்தைக்கு இருதயம் 120-க்கு மேலேயே துடிக்கும். அதைக் கண்டு தாய்மார்கள் பயப்பட வேண்டாம்.

எங்கள் பள்ளியில் இதை ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது, அவர்கள் திடலை ஒரு சுற்று ஓடிவந்து மறுபடி எண்ணுவார்கள். 80 என்றவன் 140 என்பான். உடனே ஒரு பிள்ளையாவது கேட்டுவிடும்: “ஐயா, ஓடினால் சரி, பாட்டுக் கேட்டாலும் ஏறுமா?” நல்ல கேள்வி அல்லவா?

ஏறும். ஆனால் பலர் நினைக்கிற விதத்தில் அல்ல. மேளம் அடித்தால் அந்த அடிக்கு ஓர் அடியாக இருதயமும் சேர்ந்து துடிக்கும் என்று சொல்வார்கள். அப்படி இல்லை. இருதயத்துக்குச் சொந்தமாக ஒரு தாளக்காரன் இருக்கிறான். வலது மேல் அறையின் சுவரில் ஒரு சிறு தசைமுடிச்சு உண்டு. 1907-இல் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃப்ளாக் என்ற இரண்டு பேர் இங்கிலாந்தில் அதைக் கண்டு எழுதினார்கள். யார் சொல்லாவிட்டாலும் அது தானே துடிப்பைத் தொடங்கி வைக்கும். வெளியிலிருந்து மூளை அனுப்புவது இரண்டு வகை நரம்புகள். ஒன்று மோட்டார் சைக்கிளின் எண்ணெய்ப் பிடியை முறுக்குவதுபோல் வேகத்தைக் கூட்டும். மற்றது பிரேக் போல் குறைக்கும். உறுமி ஓசை நேராக அந்தத் தசைமுடிச்சைப் போய்த் தட்டுவதில்லை. காது வழியாக மூளைக்குப் போய், அங்கிருந்து இந்த இரண்டு நரம்புகளின் வழியாகத்தான் இருதயத்தை அடைகிறது.

இடையில் இன்னொரு வாசல் இருக்கிறது. அதுதான் மூச்சு. இருதயத்தை நம் விருப்பப்படி நிறுத்தவோ ஓட்டவோ நம்மால் முடியாது. மூச்சை முடியும், வேகமாகவும் விடலாம், மெதுவாகவும் விடலாம், சற்று அடக்கியும் வைக்கலாம். மூச்சை இழுக்கும்போது இருதயம் சிறிது விரைகிறது. விடும்போது பிரேக் நரம்பு அதைச் சிறிது தணிக்கிறது. நம்பாவிட்டால், நாடியில் விரல் வைத்தபடி ஆழமாக மூச்சை இழுத்து, மிக மெதுவாக விட்டுப் பாருங்கள். விடும்போது துடிப்புகளின் இடைவெளி நீள்வது விரலுக்கே தெரியும். இளம் வயதினருக்கு இது நன்றாகத் தெரியும். வயதானவர்களுக்குக் குறைவாகத் தெரியும். ஆக, தாளம் மூச்சைப் பிடிக்கிறது, மூச்சு இருதயத்தைப் பிடிக்கிறது.

இத்தாலி நாட்டில் பாவியா என்ற ஊரில் லூசியானோ பெர்னார்டி என்ற மருத்துவரும் அவருடைய துணைவர்களும் இதை அளந்து பார்த்தார்கள். 2006-இல் வெளியிட்டார்கள். 12 இசைக்கலைஞர்களையும், இசை கற்காத 12 பேரையும் அமரவைத்து, பலவகை இசையைக் கேட்கச் செய்தார்கள். இந்தியச் சித்தார் இராகமும் அதில் ஒன்று. விரைவான இசைக்கு மூச்சு, இருதயத் துடிப்பு, இரத்த அழுத்தம் மூன்றும் கூடின. அந்தப் பாட்டு கேட்பவருக்குப் பிடித்ததா பிடிக்காததா என்பதைவிட, அதன் வேகம்தான் முக்கியமாக இருந்தது. இன்னொன்றும் கண்டார்கள், எங்களுக்கு இதுதான் பெரிதாகத் தோன்றுகிறது. நடுவில் இரண்டு நிமிடம் இசையை நிறுத்தி வைத்தார்கள். அந்த அமைதியில் துடிப்பும் மூச்சும் அழுத்தமும் இசை தொடங்குவதற்கு முன்பு இருந்த அளவைவிடவும் கீழே இறங்கின. அந்த இரண்டு நிமிட அமைதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சற்றுப் பொறுத்து அதற்குத் திரும்பி வருவோம்.

நம் முன்னோருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் காரியம் தெரியும். தமிழ்நாட்டில் ஏற்றம் இறைத்தவர்கள் பாட்டோடுதான் இறைத்தார்கள். தோணி தள்ளுகிறவர்கள் ‘ஐலசா’ என்றுதான் தள்ளுகிறார்கள். ஏன்? எல்லோருடைய பலமும் ஒரே கணத்தில் சேர வேண்டும். மூச்சை விடும் நேரமும் இழுக்கும் நேரமும் ஒன்றாக வேண்டும். இங்கே நம் தோட்டங்களில் காண்டாக் கம்பைத் தோளில் வைத்து, இரு பக்கமும் பால் வாளி தொங்க, பால் சிந்தாமல் ஸ்டோருக்கு நடந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கம்பு துள்ளும் தாளத்துக்குக் கால் போகவேண்டும். தாளம் தப்பினால் பாரம் இரண்டு மடங்காகக் கனக்கும் என்பார்கள். பாட்டே இல்லாமல் அவர்கள் பாட்டுக்கு நடந்திருக்கிறார்கள்!

இப்போது மலைக்கு வருவோம்.

தண்ணீர்மலைக் கோயில் 2012-இல் மேலே புதிதாகக் கட்டிக் கும்பாபிஷேகம் ஆனது. அதற்கு 500-க்கு மேற்பட்ட படிகள். வெறுங்கையோடு ஏறினாலே பாதியில் நின்று மூச்சு வாங்க வேண்டும். காவடியோடு ஏறுகிறவர் பல நாள் விரதம் இருந்தவர். முந்திய இரவு சரியாகத் தூங்காதவர். வெயிலில் சில கிலோமீட்டர் நடந்து வந்தவர். பின்னால் உறுமி முழங்குகிறது. அவர் கால் படியில் விழுவதும் குச்சி தோலில் விழுவதும் ஒன்றாகிறது. களைப்புத் தெரியவில்லை என்கிறார். உண்மையாகவே தெரிவதில்லை. இலண்டனில் பிரூனல் பல்கலைக்கழகத்தில் கோஸ்டாஸ் கராகியோர்கிஸ் என்ற அறிஞர் பல ஆண்டுகளாக இதைத்தான் ஆராய்ந்து வருகிறார். நடைக்கு ஒத்த தாளத்தோடு நடக்கிறவர் அதிக நேரம் தாக்குப்பிடிக்கிறார். அதே உழைப்பு அவருக்குக் குறைவாகத் தோன்றுகிறது. ஆனால் உழைப்பு மிகக் கடுமையாகும்போது இந்த உதவி தேய்ந்துவிடுகிறது. உடம்பின் குரல் இசையை அமுக்கிவிடுகிறது.

இங்கேதான் நாம் நிதானமாக யோசிக்க வேண்டும். உறுமி களைப்பை மறைக்கிறது. படியின் உயரத்தைக் குறைப்பதில்லை. காவடியின் எடையைக் குறைப்பதில்லை. இருபது வயதுப் பையனுக்கு இது பெரிய விஷயமில்லை. அவன் இருதயம் 190 வரை போய்த் திரும்பி வரும். 220-இலிருந்து வயதைக் கழித்தால் வருவது ஒருவரின் இருதயம் எட்டக்கூடிய உச்சம் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. ஐம்பத்தைந்து வயதுக்கு அது 165. அந்த வயதில் சீனி நோயும் இரத்தக் கொதிப்பும் இருந்து, இருதய இரத்தக் குழாய் சற்று அடைத்திருந்தால், அந்த உச்சத்துக்கு அருகில் நீண்ட நேரம் நிற்பது ஆபத்து. நம் மக்களிடையே சீனி நோய் எவ்வளவு என்று தெரியுமா? 2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த கணக்கில், நாட்டின் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு ஒருவருக்கு அது இருந்தது. இந்தியரிடையே அதைவிட அதிகம், மூவருக்கு ஒருவர் என்ற அளவை நெருங்கியது. சீனி நோய் நாள்பட்டவருக்கு நெஞ்சு வலி தெளிவாகத் தெரியாமலும் போகலாம். ஏற்கனவே வலி தெரியாத உடம்பு. அதன்மேல் களைப்பை மறைக்கும் மேளம்.

இதைக் கேட்டுவிட்டு, வாத்தியார் காவடியே எடுக்கக் கூடாது என்கிறார் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். மொரிசியஸ் தீவிலும் நம் தமிழர்கள் தைப்பூசக் காவடி எடுக்கிறார்கள். டிமித்ரிஸ் ஸிகலதாஸ் என்ற ஆய்வாளர் தம் குழுவோடு அங்கே போய், காவடி எடுத்தவர்களின் உடலில் சிறு அளவுக் கருவிகளைப் பொருத்திப் பல வாரம் கவனித்து, 2019-இல் வெளியிட்டார். காவடியால் அவர்களுக்கு நிலைத்த கெடுதல் எதுவும் தென்படவில்லை. அதிகம் வருத்திக்கொண்டவர்களே பிறகு தங்கள் வாழ்க்கை நன்றாயிருப்பதாக அதிகம் சொன்னார்கள். மகிழ்ச்சியான செய்திதான். ஆனாலும் ஒரு கூட்டத்துக்குப் பொதுவாக நல்லதாக இருந்தது, மாத்திரையை நிறுத்திவிட்டு ஏறுகிற நம் வீட்டு மாமாவுக்கும் நல்லதாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. விரதம் என்று சொல்லி இரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்துகிற வழக்கம் நம்மிடையே இருக்கிறது. சீனிக்கு மருந்து எடுப்பவர் பட்டினி இருந்தால் மருந்தின் அளவை மாற்ற வேண்டிவரும். அதை கிளினிக் டாக்டரிடம் இரண்டு மூன்று வாரம் முன்பே கேட்டுவிட வேண்டும். முருகன் மாத்திரையை மறுக்கச் சொன்னதாக நாங்கள் எந்தப் புராணத்திலும் படிக்கவில்லை.

சரி, மலையில் என்ன செய்வது? காவடி எடுப்பவருக்குத் தன் களைப்புத் தெரியாது என்று சொன்னோம் அல்லவா? ஆகவே அதைப் பக்கத்தில் வருகிறவர்தான் பார்க்க வேண்டும். ஏறும்போது பேச்சுக் கொடுங்கள். “தண்ணி வேணுமாப்பா, கால் சுடுதா?” என்று கேளுங்கள். அவர் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு முட்டாமல் சொன்னால் சரி. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினால் நிறுத்துங்கள். நிறுத்தும்போது உறுமிக் குழுப் பிள்ளைகளிடம் சொல்லி, மேளத்தையும் நிறுத்தச் செய்யுங்கள். அந்த இரண்டு நிமிட அமைதி இதற்குத்தான். பாவியாவில் உட்கார்ந்திருந்தவர்களிடம் கண்டதுதான் அது என்றாலும், மேளம் முழங்கிக்கொண்டிருக்கும்போது மூச்சு தணிவது கடினம் என்பதை நாமே கண்டிருக்கிறோம். உறுமி அடிக்கிறவர்கள் பெரும்பாலும் நம் தோட்டத்துப் பிள்ளைகளே; சொன்னால் கேட்பார்கள். நெஞ்சில் பாரம் வைத்ததுபோல் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத குமட்டல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காவடியை இறக்கிவிட்டு முதலுதவிக்காரரைக் கூப்பிடுங்கள். பெண்களுக்கு வலி இல்லாமல் மூச்சுத்திணறலும் களைப்பும் மட்டுமே அடையாளமாக வருவதும் உண்டு. “பால்குடம்தானே” என்று விட்டுவிடாதீர்கள்.

வேகமான தாளம் செய்வதை மெதுவான தாளம் திருப்பிச் செய்யும். அதே பெர்னார்டி 2001-இல் 23 பேரைக் கத்தோலிக்கரின் ஜெபமாலையை இலத்தீனில் ஓதச் செய்தார். திபெத்தியரின் மந்திரம் ஒன்றையும் ஓதச் செய்தார். இரண்டுக்கும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6-க்கு வந்து நின்றது. அதாவது ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி. கழுத்து இரத்தக் குழாயில் அழுத்தத்தை உணரும் நரம்புகள் உண்டு. அவை மூளைக்குச் சொல்லி, மூளை இருதயத்தைத் திருத்தும் வேலைக்கும் ஏறக்குறைய பத்து விநாடிச் சுற்று ஒன்று உண்டு. இரண்டும் ஒத்துப்போகும்போது உடம்பு தன்னை நன்றாகச் சரிசெய்துகொள்கிறது. எந்த மதத்தின் சொல் என்பதல்ல, ஒரு வரியின் நீளம்தான் காரியம் செய்கிறது. நம் வெள்ளிக்கிழமைப் பஜனையும் அப்படித்தான். சுவீடனில் 2013-இல் சேர்ந்து பாடும் இளைஞர்களை அளந்தபோது, வரிக்கு வரி ஒன்றாக மூச்செடுப்பதால் அவர்களின் இருதயங்களும் ஒன்றாக விரைந்து ஒன்றாகத் தணிந்தன. இரத்தக் கொதிப்புள்ளவர் தினம் பத்து நிமிடம் இப்படி மெதுவாகப் பாடினால் சிறிது நன்மை உண்டு. சிறிதுதான், மாத்திரைக்குப் பதில் ஆகாது.

தாலாட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாட்டிமார்கள் கோபித்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் ஜோவான் லோவி என்ற இசை மருத்துவர், 11 மருத்துவமனைகளில் குறைமாதத்தில் பிறந்த 272 குழந்தைகளிடம் பாட்டையும் மெல்லிய தாளத்தையும் சோதித்தார், 2013-இல் வெளியானது. பதிவு செய்த இசை அல்ல, பக்கத்தில் இருந்து பாடியது. குழந்தைகளின் இருதயத் துடிப்புத் தணிந்தது. பெற்றோர் தேர்ந்தெடுத்த பாட்டைப் பாடியபோது குழந்தை பால் குடிப்பதும் தேறியது. பெற்றோரின் மனக்கலக்கமும் குறைந்தது. நம் சேலைத் தொட்டிலையும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஐந்தடி நீளம் தொங்கும் தொட்டில் ஒரு முறை போய்த் திரும்பிவர ஏறக்குறைய இரண்டரை விநாடி; நிமிடத்துக்கு 24 ஆட்டம். வேகமாக ஆட்ட நினைத்தாலும் அது தன் கணக்கில்தான் ஆடும். ஆட்டுகிற தாயின் பாட்டு தொட்டிலுக்கு அடங்குகிறது; பாடுகிற அவள் மூச்சும் அடங்குகிறது. கைத்தொலைபேசியில் பாட்டைப் போட்டுத் தொட்டிலுக்குள் வைத்துவிட்டுப் போகிற இந்தக் காலத்து வழக்கம் எங்களுக்குப் பிடிக்கவில்லை.

கடைசியாக ஒரு தாளம். இதை இன்றே கற்றுக்கொள்ளுங்கள். ஒருவர் திடீரென்று விழுந்துவிட்டார், கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு இல்லை, அல்லது விட்டுவிட்டுத் திணறுகிறது. ஒருவர் 999-ஐ அழையுங்கள். இன்னொருவர் விழுந்தவரை மல்லாக்கப் படுக்க வைத்து, மார்பின் நடுவில் ஒரு கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறு கையை வைத்து, முழங்கை மடங்காமல் அழுத்த வேண்டும். பெரியவருக்கு ஐந்து முதல் ஆறு செண்டிமீட்டர் ஆழம். அழுத்திய பிறகு மார்பு முழுவதும் எழும்பி வரவேண்டும். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை. அது ஒரு சுறுசுறுப்பான நடையின் தாளம்; விநாடிக்கு இரண்டு அடிக்குச் சற்றுக் குறைவு. பயத்தில் பலர் மிக வேகமாக அழுத்திவிடுகிறார்கள். சிலர் களைத்து மெதுவாகிவிடுகிறார்கள். ஆகவே ஒருவர் பக்கத்தில் நின்று கைதட்டி எண்ணட்டும். எங்கள் பிள்ளைகள் வகுப்பில் மேசையைத் தட்டிப் பழகுகிறார்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு 15 விநாடிக்கு 25 முதல் 30 தட்டு. ஒரு வாரத்தில் கடிகாரம் இல்லாமலே வந்துவிடுகிறது. உறுமிக் குழுப் பையன்களுக்கு ஒரே நாளில் வந்துவிட்டது. அழுத்துகிறவர் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். மாறும்போது கைகள் விலகுவது ஓரிரு விநாடிக்கு மேல் போகாதபடி, அடுத்தவர் முன்கூட்டியே எதிர்ப்பக்கத்தில் மண்டியிட்டுக் காத்திருக்கட்டும். ஆம்புலன்ஸ் வந்து அவர்கள் கையில் ஒப்படைக்கும் வரை கைதட்டுகிறவர் தட்டிக்கொண்டே இருக்கட்டும்.